அக்காளைக் கடலுக்குக் கொடுத்தோம்

என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்களில் இன்னும் மூன்று நான்கு பேர் மிச்சம் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் கண்ணில் புரை எடுத்தாயிற்று. முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்து வீடே நாறுகிறது என்று மருமகள்கள் முகம் சுளிக்கிறார்கள். உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். என் அக்காளைக் கடல் கொண்டுபோன கதையை முதலில் என் வாயால் கேட்டவர்கள் நீங்கள். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் என்னைச் சுற்றி உட்கார்ந்து கேட்டீர்கள். ஒருத்தி தேம்பி அழுதாள். இன்னொருத்தி தன் கடலைமிட்டாயை முழுசாக என் கையில் வைத்தாள். நான் அதைத் தின்றேன். நிஜத்தையும் உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அது. எனக்கு ஒன்பது வயது, அக்காளுக்குப் பதினைந்து. சங்கரன்கோவிலில் அப்பாவுக்கு வத்தல் வியாபாரம். வீட்டின் முன்பாதி முழுக்க மிளகாய் மூட்டைகள். வீட்டுக்கு வருகிறவர்கள் வாசலில் நின்று இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். எங்களுக்கு அந்த நெடி பழகிப்போயிருந்தது. அக்காள் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டவள். ஆனால் பொட்டலம் மடித்து வருகிற காகிதத்தைக்கூட நீவிவிட்டு வாசிப்பாள். வாய்த்துடுக்கு அதிகம். தாவணி முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பாவிடம் வருகிற வியாபாரிகளைப் போல ஒவ்வொருவராகப் பேசிக்காட்டுவாள். நான் சிரித்துச் சிரித்துப் பாவாடையை நனைத்திருக்கிறேன்.

அவள் இடது முழங்கைக்குப் பின்னால் வெளுப்பாக ஒரு திட்டு வந்தது. முதலில் புளியங்கொட்டை அளவு. தேமல் என்றாள் அம்மா.

எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் முதலில் கோயில் புற்றுமண்தான். சொறி, சிரங்கு, தேள்கடி எல்லாவற்றுக்கும் அதைக் குழைத்துப் பூசுவார்கள். பூசி ஆறியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அம்பாள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அம்மா ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விரதம் இருந்து தினமும் அந்தக் கையில் மண்ணைக் குழைத்துப் பூசினாள். பிறகு இன்னொரு மண்டலம். திட்டு உள்ளங்கை அகலத்துக்கு ஆனது. ஆனால் அக்காள், "எம்மா, இப்பம் அரிக்கவே இல்ல. கிள்ளுனாக்கூட வலிக்கல" என்றாள்.

அம்மாவுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அரிப்பு போய்விட்டது, எரிச்சல் போய்விட்டது, தாய் கண்திறந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டாள். வெள்ளியில் சின்னதாக ஒரு கை செய்து கோயிலில் காணிக்கை செலுத்தினாள். அக்காளையும் என்னையும் கூட்டிக்கொண்டு பிராகாரம் சுற்றினாள். அந்தக் கைக்கு உணர்வு செத்துக்கொண்டிருந்தது, நாங்கள் அதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தோம். 

அம்மாவுக்கு விஷயம் புரிந்தது சோறு வடிக்கும்போது. அக்காள் பானையைச் சாய்த்துக் கஞ்சியை வடித்தாள். கொதிகஞ்சி முழங்கையில் ஓடியது. அவள் என்னைப் பார்த்து ஏதோ கேலி பேசிக்கொண்டே வடித்து முடித்தாள். கை கொப்பளித்து நீர் கோத்திருந்தது. அம்மாதான் அலறினாள். அக்காள் தன் கையைத் திருப்பிப் பார்த்து, "இது எப்பம்மா பட்டுச்சு?" என்றாள்.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் அப்பா அவளைக் கூட்டிப்போனார். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் குத்திப் பார்த்தாராம். நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்லவில்லை. 'அது' என்பார்கள், அல்லது பெருவியாதி என்று கிசுகிசுப்பார்கள். டாக்டர் நல்ல மனுஷன். ஆரம்ப நிலைதான், ஆஸ்பத்திரியில் இருந்து வைத்தியம் பார்த்தால் கட்டுப்படும், இப்போது புதிது புதிதாக மருந்து வருகிறது என்று சொல்லியிருக்கிறார். அந்த வார்த்தையை அப்பா வீடுவரைகூடக் கொண்டுவரவில்லை.

மறுநாள் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. எங்கள் குடும்பத்தில் பிளஷர் கார் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். அதனால் யோசனை சொல்லுகிற உரிமையும் அவருக்குத்தான் இருந்தது. நான் வத்தல் மூட்டைமேல் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"வீட்டுல ரெண்டும் பொட்டப்பிள்ள. ஒண்ணுக்கு இப்படின்னு ஊருல தெரிஞ்சுதுன்னா, இன்னொண்ணை எவன் கட்டுவான்? யோசிச்சுப் பாருங்க அத்தான்."

"அதுக்கு என்னடே செய்யச் சொல்லுத?" என்றார் அப்பா.

"அவள நல்ல இடத்துல சேப்போம். ஆனா இங்கன எவனுக்கும் தெரியக்கூடாது."

அந்த இன்னொன்று நான்தான். அது அன்று எனக்குப் புரியவில்லை. நான் காலை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து மாமா என்னிடம் வந்து, "ஏட்டி, மீன் பங்களா பாக்கப் போவமா?" என்று கேட்டார். திருவனந்தபுரத்தில் கடற்கரைக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குள் கடல்மீனை உயிரோடு விட்டுக் காட்டுகிறார்களாம். அந்த ஊரில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, சாலைக்கடைத் தெருவில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் வீட்டில் தங்கிக்கொள்ளலாம். நான் துள்ளிக் குதித்தேன். எங்கள் கோயில் சுனையில் மீன் இருக்காது என்பது ஐதீகம். நான் அதுவரை பார்த்த மீனெல்லாம் சந்தையில் சாக்கு விரித்து வாயைத் திறந்தபடி கிடந்த கருவாடுதான். தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு ஓடினேன். பெரியவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

காலையில் புறப்பட்டோம். மாமா ஓட்டினார், முன்னால் அப்பா. பின்னால் அம்மா, நான், ஜன்னலோரம் அக்காள். அவள் கையைச் சுற்றித் தாவணியை இழுத்து இழுத்து மூடிவிட்டுக்கொண்டே வந்தாள் அம்மா. தூக்குச்சட்டியில் புளிச்சோறு, வாழையிலையில் துவையல். காரின் தோல் சீட் வெயிலில் காய்ந்து தொடையில் ஒட்டிப் பிய்த்தது. சுரண்டை, தென்காசி தாண்டி, செங்கோட்டைக்கு முன்னால் எல்லைச் சாவடியில் நிறுத்தினார்கள். அரிசி கடத்துகிறோமா என்று திருவிதாங்கூர் போலீஸ்காரர் தூக்குச்சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். எத்தனை பேர் என்று கேட்டார். "அஞ்சு பேரு, குடும்பம்" என்றார் அப்பா.

ஆரியங்காவு மலை ஏறியதும் எனக்குத் தலை சுற்றியது. வாந்தி எடுத்தேன். அக்காள்தான் காரை நிறுத்தச் சொல்லி, ஓடைத் தண்ணீரில் என் முகத்தைக் கழுவி, பாவாடையை அலசினாள். அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. என்னைக் கழுவுகிற அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, மீனுக்கு இமையே கிடையாது தெரியுமா? கண்ணைத் திறந்துக்கிட்டேதான் தூங்கும்" என்றாள் அக்காள், ஈரப் பாவாடையைப் பிழிந்துகொண்டே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பொட்டலம் மடிச்ச பேப்பர்ல போட்டிருந்துச்சு."

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். கொப்பரையும் கருப்பட்டியும் மணக்கிற ஒடுக்கமான வீடு. அத்தை என்னைத் தூக்கிக் கொஞ்சினாள். அக்காளைப் பார்த்து, "வா தாயி" என்றாள், இரண்டடி தள்ளி நின்று. எங்கள் எல்லோருக்கும் வெண்கலத் தட்டில் சோறு போட்டவள் அக்காளுக்கு மட்டும் இலை போட்டாள். அக்காள் இலையைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா குனிந்து சாப்பிட்டாள். "எனக்கும் இலைதான் வேணும்" என்று நான் அடம்பிடித்தேன். மாமா ஓங்கி ஓர் அறை வைத்தார். அவர் என்னை அடித்தது அந்த ஒருதரம்தான்.

மறுநாள் மத்தியானத்துக்கு மேல் மீன் பங்களாவுக்குப் போனோம். வெளியே கண் கூசுகிற வெயில். உள்ளே கால் வைத்ததும் இருட்டு. சுவரில் வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள், ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் மீன்கள். தரை ஈரம். உப்பும் பாசியும் கலந்த ஒரு குளிர்ந்த வாடை. எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கறுப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்ட மீன்கள். ஊதிப்போன வயிற்றோடு ஒரு பேத்தை மீன். பொந்துக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி வாயை மூடித் திறந்த விலாங்கு. வாலைப் புல்லில் சுருட்டிக்கொண்டு நின்ற கடல்குதிரை. நான் ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினேன். அக்காள் என்னைவிட ஆசையாகப் பார்த்தாள். அங்கே எழுதியிருந்தது அவளுக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. அதனால் ஒவ்வொரு மீனுக்கும் அவளே பெயர் வைத்தாள். பேத்தைக்கு எங்கள் ஊர் வியாபாரி ஒருவரின் பெயர். நான் சத்தமாகச் சிரித்தேன், அது அந்த இருட்டில் எதிரொலித்தது.

பெரிய தொட்டி ஒன்றில் ஆமை இருந்தது. அது கண்ணாடிவரை வரும், முட்டும், திரும்பிப் போகும், மறுபடியும் வரும். அக்காள் வெகுநேரம் அதன் முன்னால் நின்றாள்.

"நம்மள எதுக்குட்டி இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்காவ?" என்று என்னிடம் கேட்டாள்.

"மீன் பாக்க."

"ஆமா. மீன் பாக்கத்தான்" என்றாள். என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

அப்போது மாமா வந்தார். "தாயி, இங்கன வா. உங்க அத்தை வெளிய நிக்கா, அந்த டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்" என்றார். டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்பது அவளுக்கு முன்பே தெரியும்போல. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இவள ஆமையப் பாத்துக்கிட்டே இருக்கச் சொல்லுங்க, வந்துருதேன்" என்றாள். நான் அவள் பின்னால் ஓடப் பார்த்தேன். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். என் இரண்டு கன்னத்திலும் கை வைத்து முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

"மீனைப் பாரு."

"எம்மா, அக்கா—"

"மீனைப் பாருன்னு சொல்லுதேம்லா."

கண்ணாடி சில்லென்று இருந்தது. அம்மாவின் விரல்கள் அழுத்தியதில் கன்னத்தின் உள்பக்கம் பல்லில் குத்தியது. ஆமை வந்து முட்டிவிட்டுப் போனது. அது எத்தனை தடவை வந்தது என்று எனக்குத் தெரியாது. அம்மா கையை எடுத்தபோது அக்காளும் மாமாவும் அங்கே இல்லை. வெளியே மாமாவின் காரும் இல்லை.

அப்பா கடற்கரை மணலில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அக்காளுக்கு ஒரு சீக்கு. தூரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். ஊரில் இதைச் சொன்னால் உன்னைப் பள்ளிக்கூடத்தில் உட்காரவிட மாட்டார்கள், அப்பாவிடம் ஒருத்தனும் வத்தல் வாங்க மாட்டான். யார் கேட்டாலும் நீ சொல்ல வேண்டியது ஒன்றுதான்.

"அல வந்துச்சு, அக்காவ இழுத்துட்டுப் போயிட்டு. சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கச் சொல்லு."

சொன்னேன். அப்பா துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். எதிரே கடல் அதுபாட்டுக்குக் கிடந்தது. நான் முதன்முதலாகப் பார்த்த கடல் அது.

உடலைத் தேடினோம் என்று சொல்வதற்காக அத்தை வீட்டில் நான்கு நாள் இருந்தோம். நல்ல நல்ல பலகாரம் செய்து போட்டாள் அத்தை. திரும்பும்போது எல்லைச் சாவடியில் மூட்டைகளை எண்ணினார்கள், ஆட்களை எண்ணவில்லை. வீரசிகாமணி தாண்டியதும் அம்மா காரை நிறுத்தச் சொன்னாள். கொண்டையை அவிழ்த்துத் தலையை விரித்துப் போட்டாள். நெற்றிப்பொட்டைப் புறங்கையால் தேய்த்துக் கலைத்தாள். பிறகு, "ம், எடு" என்றாள் மாமாவிடம். ஊருக்குள் கார் நுழைந்ததும் எடுத்தாளே ஓர் அழுகை, தெருவே கூடிவிட்டது. அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அது ஒன்றுதான் அன்றைக்கு நிஜம்.

உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற முறைப்படி தர்ப்பையில் உருவம் செய்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பதினாறாம் நாள் காரியமும் நடந்தது. வந்தவர்களெல்லாம் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு என்னிடம் வந்து, "நீ பாத்தியாட்டி? எப்படி மக்கா நடந்துச்சு?" என்று கேட்டார்கள். பெரியவர்களைவிடப் பிள்ளை வார்த்தைக்கு அங்கே மதிப்பு இருந்தது.

இங்கேதான் என் பங்கு வருகிறது. அலை வந்தது, இழுத்துப்போனது, அவ்வளவுதான் அவர்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. அக்காள் தண்ணீருக்கு மேலே கையை நீட்டினாள் என்று சேர்த்தவள் நான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள் என்று சேர்த்தவளும் நான். நீலத் தாவணி மட்டும் கொஞ்சநேரம் மிதந்தது என்றேன். அவளிடம் நீலத் தாவணியே கிடையாது. கேட்டவர்கள் அழ அழ எனக்குக் கதை நன்றாக வந்தது. பொய் சொல்லச் சொன்னது அவர்கள்; அதை அழகாகச் சொன்னது நான். புளியமரத்தடியில் உங்களிடம் சொன்னபோது ஏழெட்டுத் தடவை சொல்லித் தேறியிருந்தேன்.

மூன்று வருஷம் கழித்து எனக்குக் காய்ச்சல் கண்டு இருபது நாள் படுத்துவிட்டேன். சித்தப்பா, பெரியம்மா என்று சொந்தக்காரர்கள் கூடி ஒரு கோடாங்கியைக் கூட்டி வந்தார்கள். அவர் உடுக்கை அடித்துக் குறி சொன்னார். "இந்த வீட்டுல கல்யாணம் ஆகாமச் செத்த பிள்ள ஒண்ணு கன்னியா நிக்கி. பூசை கேக்கி. நீங்க கும்பிடல." உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்தில் அப்படிப் போன பெண்பிள்ளைகளை வீட்டுத் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது வழக்கம்தானே. சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஆமா, நியாயந்தான" என்றார்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன சொல்லி மறுக்க முடியும்? அவள் சாகவில்லை என்றா?

ஓலைப்பெட்டி ஒன்று வாங்கி வந்தார்கள். அதற்குள் சித்தாடை, கண்ணாடி வளையல், ரிப்பன், சீப்பு, மைச்சிமிழ் எல்லாம் வைத்து அரங்குவீட்டில், அதுதான் வீட்டின் கடைசியில் பண்டம் வைக்கிற இருட்டு அறையில், உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்கள். வருஷத்துக்கு ஒருமுறை புதுத்துணி, பொங்கல், படையல். எனக்குக் காய்ச்சல் விட்டது. முதல் வருஷம் அம்மா விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் வெளியே வந்துவிட்டாள். இரண்டாம் வருஷம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். நான்காம் வருஷம் வாய்விட்டு வேண்டிக்கொண்டாள்: "தாயே, வியாபாரம் செழிக்கணும், இந்தப் பிள்ளைக்கு நல்ல இடம் அமையணும்." அம்மா எந்த வருஷம் மறந்துபோனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா மறக்கவில்லை. சரக்கு விஷயமாக என்று சொல்லி வருஷத்துக்கு ஒருதரம் மலையாளச் சீமைக்குப் போய்வருவார். எனக்குப் பதினாறு வயதில், மூட்டைக்குச் சாக்கு தைத்துக்கொண்டிருந்தவர், என்னை மட்டும் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவ நல்லாருக்கா. புது மாத்திரை வந்து எல்லாம் குணமாயிட்டு. அங்கனயே நோயாளிகளுக்கு ஒத்தாசையா இருக்கா."

"அப்பம் கூட்டிட்டு வாங்களேன்ப்பா."

கோணி ஊசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "செத்தவள எப்படிட்டி கூட்டிட்டு வர?"

எனக்குப் பதினெட்டு முடிந்ததும் இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து சம்பந்தம் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம், விசாரித்துப் பார்த்துத்தான் வந்தார்கள். மூத்தவள் கடலில் போனது தெரியும், அதற்காகப் பரிதாபப்பட்டார்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையிலேயே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து கூடத்தில் நிறைந்துவிட்டார்கள். கல்யாணத்துக்கு முன் வீட்டுக் கன்னிக்குப் படைத்து உத்தரவு வாங்க வேண்டும். அதற்காக நடுப்பகலில் அம்மாவும் நானும் அரங்குவீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். புதுச்சேலை, வளையல், மல்லிகைப்பூ, தலைவாழை இலை நிறையச் சர்க்கரைப் பொங்கலும் வடையும் பருப்பும் சோறும். அம்மா சூடம் கொளுத்தி, "உத்தரவு கொடு தாயே" என்றாள். பல்லி சொன்னால் கன்னி சம்மதித்தாள் என்று அர்த்தம். பல்லி சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

அந்த அறைக்குக் கொல்லைப்பக்கம் ஒரு சின்னக் கதவு உண்டு. அது திறந்தது.

வெள்ளைச் சேலை உடுத்தி ஒரு பெண் நின்றாள். கையில் துணிப்பை. கன்னம் ஒட்டியிருந்தது. இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் மட்டும் மடங்கியிருந்தன. வேறு ஒரு குறையும் இல்லை. தாவணி முனையைக் கடிக்கிறவளைப் போல அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"எம்மா. நாந்தான்" என்றாள். "அப்பா தேதி சொன்னாவ. ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிருதேன்."

அம்மா கத்தவில்லை. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவும் இல்லை. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"தாயே, நான் ஒரு குறையும் வைக்கலயே. வருஷம் தவறாம உனக்குச் செய்துக்கிட்டுத்தான இருக்கேன். இந்தப் பிள்ள கல்யாணத்த முடிச்சுக் குடுத்துட்டுப் போயிரு தாயே."

கூடத்தில் இருக்கிறவர்களுக்குக் கேட்டுவிடக்கூடாது என்று அப்படிப் பேசினாளா, நிஜமாகவே கன்னி வந்து நிற்கிறது என்று நம்பினாளா? அம்மா சாகும்வரை நான் கேட்கவில்லை. கேட்டால் இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அக்காள் அம்மாவையே பார்த்தாள். பிறகு ஓலைப்பெட்டியைப் பார்த்தாள், திறந்து கிடந்த அதற்குள் ரிப்பனையும் சீப்பையும் பார்த்தாள். இலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இத்தனை வருஷம் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் மணப்பெண்ணுக்குரிய நகையோடு மணையில் உட்கார்ந்திருந்தேன். ஓரெட்டில் அவள் கையைப் பிடித்திருக்கலாம். எனக்குப் பயம். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்துப் பயம். வேறொன்றும் இல்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"நேத்து ராத்திரி பஸ் ஏறுனது. பசிக்கி" என்றாள் அக்காள்.

பையைக் கீழே வைத்துவிட்டு இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். மடங்கிய விரல்களால் இலையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். நிதானமாகத்தான் சாப்பிட்டாள். பொங்கல், வடை, சோறு எல்லாம். அம்மா கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. சூடம் எரிந்து அணைந்தது.

வெளியே கதவைத் தட்டினார்கள். மாப்பிள்ளையின் பெரியம்மா குரல்: "என்ன மைனி, பல்லி சொல்லிட்டா? நேரமாகுதுல்லா."

 அக்காள் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு, சொம்பிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். படைத்திருந்த புதுச்சேலையை எடுத்துத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். கொல்லைக் கதவில் கை வைத்து, என்னைத் திரும்பிப் பார்த்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"பல்லி சொல்லிட்டுன்னு சொல்லுட்டி."

கதவு சாத்திக்கொண்டது. நான் எழுந்து போய்க் கூடத்துக் கதவைத் திறந்தேன். "சொல்லிட்டு" என்றேன். பெண்களெல்லாம் சந்தோஷமாகக் குலவையிட்டார்கள்.

சாமிக்குப் போட்ட இலையை எச்சில் என்று சொல்லமாட்டார்கள், அதிலிருப்பதை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவார்கள். பெரியம்மா பங்கு கேட்டு உள்ளே வருவதற்குள் நான் போய் அந்த இலையை மடக்கி எடுத்தேன். அதில் பருப்பும் சோறும் பிசைந்த விரல்தடம் இருந்தது.